கோப்பையே இல்லாத போட்டி... கோபத்தில் வெளியேறிய சோவியத் அணி!

காட்சிப் போட்டி என்றால் ஜெயித்தாலும் கோப்பை கிடையாது, தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் இறக்கம் கிடையாது. ரசிகர்களை மகிழ்வித்துவிட்டு, கைகுலுக்கி ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆனால் 1975 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போன சோவியத் ஐஸ் ஹாக்கி அணிகளுக்கு விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை.

போனவை இரண்டு கிளப் அணிகள். ஒன்று, ராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ மாஸ்கோ. இன்னொன்று, கிரிலியா சோவியத்தோவ். எதிரே நின்றவை, வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.ஹெச்.எல்-லின் 8 அணிகள். தலா ஓர் ஆட்டம். தொடருக்கு ‘சூப்பர் சீரிஸ்’ என்று பெயர்.

அது பனிப்போர் காலம். சம்பளத்துக்கு ஆடுபவர்கள் ஒரு பக்கம், காகிதத்தில் ‘அமெச்சூர்’ என்று இருந்தவர்கள் மறுபக்கம். யார் பெரியவர் என்ற கேள்வி ஆட்டத்துக்கு முன்பே களத்தில் இறங்கிவிட்டது.

புத்தாண்டுக்கு முந்தைய இரவு

டிசம்பர் 31. மான்ட்ரியல் நகரில் கனேடியன்ஸ் அணியும் சி.எஸ்.கே.ஏ-வும் மோதின. மான்ட்ரியல் வீரர்கள் கோலை நோக்கி 38 முறை அடித்தார்கள். எதிரணி அடித்தது வெறும் 13. ஆனாலும் முடிவு 3-3 சமன்! காரணம், சோவியத் கோல்கீப்பர் விளாடிஸ்லாவ் ட்ரெட்யாக். வேகம், பாஸ், சாமர்த்தியம் என இரு அணிகளும் விளையாட்டை மட்டுமே விளையாடின. ஐஸ் ஹாக்கி வரலாற்றின் மிகச்சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள்.

பிலடெல்பியாவில் வெடித்த சண்டை

11 நாள் கழித்து, 1976 ஜனவரி 11. தொடரின் கடைசி ஆட்டம். அதுவரை சி.எஸ்.கே.ஏ ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எதிரணியான பிலடெல்பியா ஃப்ளையர்ஸ், 1974, 1975 என அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற சாம்பியன். முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனவர்கள். பத்திரிகையாளர்கள் அவர்களுக்கு ‘பிராட் தெரு ரவுடிகள்’ என்ற பட்டத்தைச் சூட்டியிருந்தார்கள்.

ஐஸ் ஹாக்கியில் எதிராளியை உடலால் மோதித் தடுக்க விதியே அனுமதிக்கிறது. எதுவரை என்பதில்தான் சிக்கல். முதல் பகுதியிலேயே, தண்டனை முடிந்து களத்துக்குத் திரும்பிய ஃப்ளையர்ஸ் வீரர் எட் வான் இம்ப், சோவியத் நட்சத்திரம் வலேரி கர்லமோவ் மீது பலமாக மோதினார். கர்லமோவ் பனித்தரையில் சுருண்டு விழுந்தார். நடுவர் அதற்குத் தண்டனை தரவில்லை.

1972-ல் மாஸ்கோவில் இதே கர்லமோவின் கணுக்காலில் மட்டையால் அடித்தவர் கனடாவின் பாபி கிளார்க். இப்போது அவர்தான் ஃப்ளையர்ஸ் கேப்டன். பழைய காயம் மறந்திருக்குமா? பயிற்சியாளர் கான்ஸ்டான்டின் லோக்டெவ் தன் அணியை உடைமாற்றும் அறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அரங்கம் காத்திருந்தது. ஆடாவிட்டால் பேசிய பணம் கிடையாது என்று உள்ளே தகவல் போனது. கால் மணி நேரத்துக்குப் பிறகு அணி திரும்பியது. ஆனால் ஆட்டத்தின் போக்கு மாறிவிட்டது. ஃப்ளையர்ஸ் 4-1 என வென்றது.

ஜெயித்தது யார்?

மொத்தக் கணக்கில் சோவியத் அணிகள் 5 வெற்றி, 2 தோல்வி, ஒரு சமன். அந்த ஒரு வெற்றியை பிலடெல்பியா ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டு மே மாதம் ஸ்டான்லி கோப்பை இறுதியில் ஃப்ளையர்ஸை 4-0 என்று துடைத்தெடுத்தது, வேகத்தை நம்பிய அதே மான்ட்ரியல்!

மோதலோடு சுற்றுப்பயணங்கள் நின்றுவிடவில்லை. 1991 வரை தொடர்ந்தன. 1983-ல் ட்ரெட்யாக்கைத் தங்கள் அணிக்கு எடுக்க மான்ட்ரியல் பெயர் கொடுத்தது. சோவியத் அரசு அனுப்பவில்லை. மறு ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். 1989-ல்தான் கதவு திறந்தது. செர்ஜி ப்ரியாகின் அரசு அனுமதியோடு கால்கேரி அணிக்காக என்.ஹெச்.எல்-லில் களமிறங்கினார். அதே ஆண்டு, அந்த லீக்கில் ஒரு நாள்கூட ஆடாத ட்ரெட்யாக்கின் பெயர் டொரன்டோவில் உள்ள ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தது. அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் சோவியத் வீரர் அவர்தான்!