நம் கைக்கு எட்டும் ஒரே அடுக்கு

கோடையில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வெட்டுக்கிணற்றை எட்டிப் பாருங்கள். மேலே மண். அடுத்து, விரலால் நெருடினால் உதிரும் மக்கிய பாறை. அதற்கும் கீழே கடப்பாரை பட்டால் கணீரென்னும் கருங்கல். மக்கிய பாறை முடிந்து கருங்கல் தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் சுவர் கசியும்.

இந்த வட்டாரத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோகைட். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. இந்தக் கல் தண்ணீரைக் குடிப்பதில்லை. மேலே மக்கிய பகுதியிலும் உள்ளே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஒருவர் போட்ட போரில் தண்ணீர் பீறிட, பத்தடி தள்ளிப் போட்டவருக்கு வெறும் கல்மாவு பறப்பது இதனால்தான். ஆழம் போகப் போக வெடிப்புகளும் அருகிவிடும். இன்னும் நூறடி இறக்கினால் கடன்தான் ஆழமாகும்.

இதே வட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் கதை வேறு. அங்கே ஆற்று மணல். அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு அளவுகோல்படி, ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் மணல் சுமார் ஆறரை லட்சம் லிட்டர் தரும். மக்கிய பாறை தருவது 60 ஆயிரம் முதல் 1.2 லட்சம் லிட்டர்தான். சின்னப் பானை சீக்கிரம் காலியாகும். அடிக்கடி நிரப்ப வேண்டும்.

அந்தப் பானையை நிரப்பத்தான் நமக்கு ஏரிகள். உத்திரமேரூரின் பெரிய ஏரி, கல்வெட்டுகளில் வைரமேக தடாகம். கி.பி. 921-ல், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை மூலம் ஆறு பேரைத் தேர்ந்து ஏரி வாரியம் அமைத்தார்கள். தூர்வாருவதற்கென்றே அறக்கட்டளை வைத்த ஊர் இது.

வரத்துக் கால்வாய் அடைபட்டால் ஏரிக்கு நீர் வராது. வந்த நீரும், தரையில் களிமண் வண்டல் கெட்டியாகப் படிந்துவிட்டால் கீழே இறங்காமல் வெயிலில் ஆவியாகும். ஆயக்கட்டுக் கிணறுகள் அடுத்த கோடைக்குள் வறண்டுவிடும்.

கருங்கல்லை நம்மால் மாற்ற முடியாது. அந்த வண்டலை அள்ளி வயலில் போட முடியும். போர் வண்டியைக் கூப்பிடுமுன் ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை அது.