கொடைக்கானலுக்குப் பக்கத்துல வெள்ளகவியா?

போனை எடுத்து 'வெள்ளகவி'ன்னு தட்டுங்க பார்ப்போம். ரெண்டே செகண்டுல பதில் வந்துடும். கொடைக்கானல் பக்கம் மலைச்சரிவில் ஒரு குட்டி கிராமம். ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க. ட்ரெக்கிங் போக சூப்பர் ஸ்பாட். 'அட!'ன்னு ஒரு லைக்கைத் தட்டிட்டு அடுத்த வீடியோவுக்குத் தாவிடுவோம்.

வந்த தகவல் பொய்யில்லை. ஆனா கதை தலைகீழா நிக்குது பாஸ்!

1821-ம் வருஷத்துக்குப் போவோம். அப்போ கொடைக்கானல்னு ஒரு டவுனே கிடையாது. அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டினதே 1845-லதான். நீங்க போட் ஓட்டி செல்ஃபி எடுக்குற ஏரி உருவானது 1863-ல. ஆனா வெள்ளகவி இருந்தது. பழனி மலையை அளக்க வந்த பி.எஸ்.வார்டு என்ற பிரிட்டிஷ் சர்வேயர் முகாம் போட்டது இந்த ஊர்லதான். குன்னுவர் மக்களின் கிராமம். இங்கிருந்துதான் அவர் மேலே ஏறி, இன்னிக்குக் கொடைக்கானல் இருக்கிற இடத்தைப் பார்த்தார். அங்கே போன முதல் ஐரோப்பியர்னு புத்தகத்துல அவர் பேர் ஏறிடுச்சு. செங்குத்தான காட்டுக்குள்ள மேலே போற தடம் எதுன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத்தானே தெரிஞ்சிருக்கும்? அவங்க பேர் எந்தப் பக்கத்துலயும் இல்லை.

அப்போ எது எதுக்குப் 'பக்கத்துல' இருக்கு?

ரொம்ப நாளைக்குப் பெரியகுளம் பக்கமிருந்து கால்நடையாவும், குதிரையிலயும், ஆள் தூக்கின நாற்காலியிலயும்தான் மேலே போனாங்க. 1916-ல மோட்டார் ரோடு திறந்தாச்சு. அவ்வளவுதான், வெளியூர்க்காரங்க கண்ணு அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. தேடுபொறியும் நம்மளை மாதிரிதான்! நிறைய பேர் எதைக் கேட்குறாங்களோ, எதை க்ளிக் பண்றாங்களோ, அதை முதல்ல எடுத்து வைக்கும். நிறைய பேர் கேட்குறது கொடைக்கானலை. அதனால டவுனுக்கு முன்னாடியே இருந்த ஊர், டவுனோட ஒரு 'ஸ்பாட்' ஆயிடுச்சு.

செருப்பு சமாச்சாரமும் இதே கதைதான். 'வினோத கிராமம்'னு தலைப்பு போட்டு முடிச்சுடுறாங்க. நேர்ல போய்ப் பார்த்தா வினோதம் ஒண்ணும் தெரியாது. வீடும் கோயிலும் கலந்து கிடக்கும். கோயில் எங்க முடியுது, தெரு எங்க ஆரம்பிக்குதுன்னு உங்களால கோடு கிழிக்க முடியாது. அப்புறம் செருப்பை எங்கே மாட்டுறது, எங்கே கழட்டுறது? உங்க ஊர்க் கோயில் வாசல்ல நீங்க செய்யுறதை அவங்க ஊர் எல்லையிலயே செய்யுறாங்க.

போகணும்னு ஆசையா? வனத்துறைகிட்ட விசாரிச்சு, அனுமதி வாங்கிட்டுப் போங்க. 2018-ல தேனி மாவட்டத்துல குரங்கணிக் காட்டுத் தீயில ட்ரெக்கிங் போனவங்க 23 பேர் இறந்ததை மறந்துடாதீங்க. வட்டக்கானல், டால்பின் நோஸ் தாண்டி இறங்குற பாதை முழங்காலைப் பதம் பார்க்கும். மேப்புல அது ஒரு குட்டிக் கோடாத்தான் தெரியும்!

ஊர் எல்லையில ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கோங்க. போனை பைக்குள்ள போட்டுட்டு, திண்ணையில உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டிகிட்ட ஒரே ஒரு விஷயம் கேளுங்க. சில போர்டுல வெள்ளகவி, சில இடத்துல வெள்ளகெவி. கன்னடத்துல 'கவி'ன்னா குகை.

"பாட்டி, உங்க ஊர்ப் பேரை நீங்க எப்படிச் சொல்வீங்க? ஏன் அந்தப் பேரு?"