ஆட்டத்துக்கு முன் ஆரூடம்

ஐக்கிய அமெரிக்காவில் ஆவணி பிறக்கும்போதே சர்வகலாசாலைப் பட்டினங்களில் வாதம் தொடங்கிவிடும்: இவ்வாண்டு நம் அணி எத்தனை ஆட்டங்களில் வெல்லும்? காற்பந்தாட்டம் என்று பெயர்; பந்தோ பெரும்பாலும் கையில். அது நிற்க. பருவத்துக்குரிய ஆட்டங்கள் 12 மாத்திரமே. ஆதலால் ஒரு தோல்வியும் ஆண்டு முழுவதையும் கெடுக்கவல்லது.

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1950 முதல், பருவம் தொடங்குமுன்னரே அணிகளை வரிசைப்படுத்தி வருகின்றது. 2024இல் அவ்வரிசையின் 10ஆம் இடம் புளோரிடா மாநிலச் சர்வகலாசாலைக்குக் கிடைத்தது. முந்திய ஆண்டு தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்ற அணியல்லவா! அது 12இல் 2 ஆட்டங்களையே வென்றது. இந்தியானாச் சர்வகலாசாலையின் கதை நேர்மாறானது. 2023இல் 3 வெற்றிகள். அடுத்த ஆண்டு, 18 அணிகள் கொண்ட தன் சங்கத்தில் 17ஆவதாக வருமென்று பத்திரிகையாளர் கணித்தனர். வென்றதோ 11.

கணிப்புப் பிழைத்தது ஏன்? முன்னெல்லாம் சர்வகலாசாலை மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு ஆடாதிருக்க வேண்டும். 2021இல் அத்தடை தளர்ந்தது. இந்தியானாவுக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் கேர்ட் சிக்னெற்றி, தாம் முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மடிசன் சர்வகலாசாலையிலிருந்து ஆட்டக்காரர் பலரை உடனழைத்து வந்தார். பழைய தோல்விகளை எண்ணி வாதிட்டோர், கலைந்துபோன ஓர் அணியைப் பற்றியே வாதிட்டனர்.

ஆயினும் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. 1945இலும் 1967இலும் பெற்ற 9 வெற்றிகளே அதுவரை இந்தியானா கண்ட உச்சம். 10ஆவது வெற்றி 2024 நவம்பரில், மிச்சிகன் அணிக்கெதிராக, 20க்கு 15 என்ற கணக்கில், சொந்த மைதானத்திலேயே வந்தது.