சங்கத் தோட்டத்திற்கு ஒரு மர விசிப்பலகை

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் வயலுக்கு நீர் பாய்ச்சுவது எவ்வளவு அவசியமோ, மிகுந்த நீரை வடிப்பதும் அவ்வளவு அவசியம் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் வடிகால் அடைபட்டுச் சம்பாப் பயிர் அழுகுவதை எல்லோரும் கண்டிருக்கின்றனர். திறந்த வெளியில் போடப்படும் மரச் சாமானுக்கும் இதே விதி பொருந்தும். மரத்தைக் கெடுப்பது பெய்யும் மழையன்று. பெய்த பின் வடியாது நிற்கும் நீரே. இவ்வொன்றை மனத்திற்கொண்டு செய்யப்படும் விசிப்பலகை பல வருஷம் உழைக்கும். மறந்து செய்யப்படுவது இரண்டு மூன்று மழைக்காலங்களில் விறகாகிவிடும்.

பயிர்க்கடனுக்கும் உரத்திற்கும் சங்கத்தை நாடி வரும் அங்கத்தினர் பல இடங்களில் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. முதியோரும் பெண்டிரும் நின்றுகொண்டே இருப்பது முறையன்று. முற்காலத்தில் திண்ணையும் அரசமரத்து மேடையும் இருந்தனவே எனின், அவற்றில் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டத்திற்கு முன்னும், சில ஊர்களில் அதற்குப் பின்னும், வயலில் உழைத்தோர் திண்ணையருகே நிற்கவே பழக்கப்பட்டிருந்தனர். ஒரு பங்கு உடையவருக்கும் நூறு பங்கு உடையவருக்கும் ஒரே வாக்கு என்பது கூட்டுறவின் ஆதார விதி. எல்லோரும் அருகருகே அமரும் ஒரு பொது ஆசனம் சங்கத் தோட்டத்தில் இருப்பது அவ்விதிக்குப் பொருத்தமேயாகும்.

மரத்தைத் தெரிந்தெடுத்தல்

நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பனவற்றுள் பூவரசு மிகச் சிறந்தது. அதன் நடுவிலுள்ள கருஞ்சிவப்பான வைரம் கறையானுக்கும் ஈரத்திற்கும் எளிதில் இடங்கொடாது. ஆதலின் வண்டிக்கும் படகிற்கும் அது உபயோகப்பட்டு வந்தது. முற்றிய வேம்பும் நாட்டுக் கருவேலும் ஏற்றவையே. தஞ்சாவூர் வீணைக்கு உரிய பலாவும் நல்லதுதான். ஆனால் விலை அதிகம். மா, இலவு ஆகியவை வெளியில் நில்லா. எந்த மரமாயினும் வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த பாகத்தைக் கழித்துவிடல் வேண்டும். உளுப்பதும் மக்குவதும் முதலில் அப்பாகமே.

தென்னையைப் பற்றித் தனியே கூற வேண்டும். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அம்மரங்களைக் கொண்டு என்ன செய்வதென்ற கேள்வி அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. மற்ற மரங்களில் வைரம் உள்ளே இருக்க, தென்னைக்கும் பனைக்கும் அது வெளிப்புறத்தில் இருக்கிறது. நடுப்பாகம் மெத்தென்ற சோறு. முதிர்ந்த தென்னையின் அடித்துண்டில், பட்டையை அடுத்த பாகம் பலகைக்கு உதவும். ஆனால் அது மண்ணையும் மழையையும் தானே தாங்காது. ஆகையால் கூரையின் கீழ் இடப்படும் விசிப்பலகைக்கு மட்டும், அதிலும் உட்காரும் சட்டங்களுக்கு மட்டும், அதைக் கொள்ளலாம், கால்களுக்குக் கூடாது.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் நிற்பவை சர்க்கார் மரங்கள். அனுமதியின்றி அவற்றில் கை வைத்தலாகாது.

உலர்த்துதல்

மரத்திலுள்ள ஈரம், அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைவாயிருப்பின் அதை மக்கச் செய்யும் காளான் வளராது. பச்சை மரத்தில் ஈரம் இதைவிடப் பல மடங்கு இருக்கும். வெட்டிய மரத்தைச் சில மாதம் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம் அர்த்தமுள்ளதே: மரத்திலுள்ள மாவுச்சத்து கரைந்துவிடுவதால் உளுக்கச் செய்யும் வண்டு நாடுவதில்லை. பிறகு தை மாதத்தில் அறுத்து, பலகைகளுக்கிடையே ஓர் அங்குலக் குச்சிகளை வைத்து, தரையில் படாமல் நிழலில் அடுக்கிவிடுக. ஆடி வரை காற்று உலவினால் பலகை பதமாகும். ஆவணியில் வேலையைத் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடும்.

அளவுகள்

மூவர் அமர 5 அடி நீளம் போதும். தரையிலிருந்து ஆசனத்தின் உயரம் 17 அங்குலம். உட்காருமிடத்திற்கு 4 அங்குல அகலமும் 1¼ அங்குலக் கனமும் உள்ள சட்டங்கள் நான்கு. சாய்மானத்திற்கு 4 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ளவை மூன்று. சாய்மானம் ஆசனத்திற்கு மேல் 16 அங்குலம் உயர்ந்து சற்றே பின்சாய்ந்திருத்தல் நலம். முன்கால்கள் 3 அங்குலச் சதுரம்; பின்கால்களும் சாய்மானத் தூண்களும் ஒரே மரமாக இருத்தல் வேண்டும். இரு முனைகளிலும் நடுவிலும் குறுக்குச் சட்டம் இடாவிடில் ஆசனம் தொய்யும். மொத்தம் சுமார் 2½ கன அடி மரம் ஆகும்; கழிவையும் சேர்த்து 3½ கன அடி வாங்குவது சிக்கனத்திற்கு விரோதமன்று.

நீர் நில்லாதிருக்க மூன்று ஏற்பாடுகள்

முதலாவது, ஆசனத்தின் சட்டங்களை நெருக்கிச் சேர்த்தலாகாது. ஒன்றுக்கொன்று 3/8 அங்குலம் இடைவெளி விடுக. அதுவே விசிப்பலகையின் வடிகால். பின்புறத்தை அரை அங்குலம் தாழ்த்தினால் உட்காரச் சுகமாயிருப்பதோடு மழைநீரும் வழிந்துவிடும். சட்டங்களின் மேல்விளிம்புகளை இழைப்புளியால் உருட்டிவிடுக.

இரண்டாவது, மூட்டுகள். ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, மற்றதில் துளையிட்டுப் புகுத்தி, குறுக்கே மரமுளை அடிப்பது நம் தச்சர்கள் அறிந்த முறை. ஆணியடித்துச் சேர்ப்பதைவிட இதுவே ஸ்திரமானது. துளை தளர்ந்தால் அதில் நீர் புகுந்து தங்குமாதலால் நாக்கு இறுக்கமாய்ப் பொருந்த வேண்டும். சட்டங்களைப் பொருத்தத் துத்தநாகம் பூசிய திருகாணிகளையே உபயோகிக்க. வெறும் இரும்பு துருவேறி மரத்தையும் கெடுக்கும்.

மூன்றாவது, கால்கள். விசிப்பலகைகள் முதலில் அழிவது இங்கேதான். மரத்தின் அறுபட்ட முனை, திரிபோல நீரை மேலே உறிஞ்சும். நம் களிமண்ணோ மழைக்குப் பின்னும் பல நாள் ஈரம் விடாது. ஆதலின் காலை மண்ணில் புதைத்தல் கூடவே கூடாது. ஒவ்வொரு காலுக்கும் கீழே செங்கற் பீடம் கட்டி, தரைக்கு மேல் 2 அங்குலம் உயர்த்தி, சிமெண்டு பூசுக. காலின் அடிமுனைக்குச் சூடான தாரை இருமுறை பூசுக. பீடத்தையும் ஆசனச் சட்டத்தையும் கழித்தால் முன்காலின் உயரம் 13¾ அங்குலமாகும்.

பராமரிப்பு

மரம் நன்கு உலர்ந்திருக்கையில் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்து ஏற்றுக. வருஷந்தோறும் புரட்டாசியில் இதைத் திரும்பச் செய்தல் வேண்டும். படகுகளுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்குமாதலால் ஆசனத்திற்கு ஆகாது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றுவதுமுண்டு. அதை விரித்து உலர்த்துக. கறையான் மண் காலில் ஏறியிருக்கிறதா என்று மாதமொரு முறை பார்த்தால் போதும்.

விசிப்பலகை முடிந்தவுடன் அதைச் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் பதிந்து, எண்ணெயிடும் பொறுப்பை ஓர் அங்கத்தினரிடம் ஒப்புவித்தல் நலம். எல்லோருக்கும் பொதுவானது யாருக்கும் உரியதல்லாமற் போவது வழக்கமன்றோ? மரம் வெட்டிய இடத்தில் மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டு பூவரசம் போத்துகளை நட்டுவிடுக. அவை எளிதில் வேரூன்றும். அடுத்த தலைமுறைக்கு வேண்டிய மரமும் சங்கத்தின் நிலத்திலேயே வளர்ந்து நிற்கும்.