கழிப்பறைக் கதவு துடுப்பானது

தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிறவருக்கு அந்தப் படகுதான் வீடு, சமையலறை, பட்டறை எல்லாம். எது ஒடிந்தாலும் உள்ளே இருப்பதை வைத்தே சரிசெய்தாக வேண்டும். இந்தியக் கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி அப்படித்தான் 236 நாள் வாழ்ந்தார். தனியாளாக எங்கும் ஒதுங்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் போட்டியில், 2018இல் புயலில் சிக்கி, பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு முறிந்து நடுக்கடலில் மீட்கப்பட்டவர் அவர். 2022 செப்டம்பர் 4 அன்று, ‘பயானத்’ என்ற படகில் அதே போட்டிக்குத் திரும்பவும் புறப்பட்டார்.

போட்டி விதி கடுமையானது. 1968இல் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், பம்பாயில் கட்டிய ‘சுஹைலி’ படகில் இதேபோல் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியபோது இருந்த அளவு தொழில்நுட்பம்தான் அனுமதி. ஜி.பி.எஸ். பார்த்து வழி தேடக் கூடாது. மின்சாரத்தில் இயங்கும் தானியங்கி ஓட்டுநரும் கிடையாது. அப்படியென்றால் மாலுமி தூங்கும்போது சுக்கானைப் பிடிப்பது யார்?

காற்றுதான். படகின் பின்புறம் செங்குத்தாக ஒரு தகடு நிற்கும். படகு தடம் மாறினால் காற்று அந்தத் தகட்டைச் சாய்க்கும். சாய்ந்த தகட்டுக்குச் சுக்கானைத் திருப்பும் வலு கிடையாது. நீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே திருகிவிட மட்டும் முடியும். மீதி வேலை தண்ணீருடையது.

நிலக்கோட்டைப் பக்கம் பாசன வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது, கரையில் நின்று ஒரு பலகையை நீரோட்டத்தின் போக்கிலேயே செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். பேசாமல் நிற்கும். துளி திருப்பினால் போதும், பக்கவாட்டில் வெடுக்கென்று கையை இழுக்கும். தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். இந்த இழுப்பைக் கயிறு வழியே சுக்கானுக்குக் கடத்திவிட்டால், மின்சாரமே இல்லாமல் படகு தன் தடத்துக்குத் திரும்பிவிடும். எவ்வளவு அழகான யோசனை!

அந்த விசையே துடுப்புக்கு எமனும் ஆகிறது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்டிருப்பதால், வளைக்கும் விசை பிடிமானத்தருகே உச்சத்தைத் தொடும். பேரலை அடித்தால் பெரும்பாலும் அங்கேதான் முறியும். அபிலாஷின் துடுப்புகளும் முறிந்தன. அவர் அவசரச் சுக்கானையும் கழிப்பறைக் கதவையும் அறுத்து மாற்றுத் துடுப்பு செய்துகொண்டார்.

இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி, உடைந்த நெம்பைப் பார்த்தே இன்னொன்றை அரத்தால் ராவி எடுப்பதைப்போல, இந்தக் கருவியும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடியது. அதனால்தான் கையால் சரிசெய்ய முடிந்தது. ஒட்டி மூடிய ஒரு மின்னணுப் பெட்டி அங்கே பழுதாகியிருந்தால் கதவை அறுத்து என்ன பயன்?

அதே போட்டியில் முன்னணியில் இருந்த பிரிட்டன்காரர் சைமன் கர்வெனுக்குப் பசிபிக்கில் இந்தக் காற்றுக் கருவிதான் காலை வாரியது. பழுதுபார்க்கச் சிலி நாட்டுக் கரைக்கு ஒதுங்க வேண்டி வந்ததால் முதன்மைப் பிரிவில் அவர் இடம் போயிற்று. புறப்பட்ட 16 பேரில் விதிப்படி எங்கும் ஒதுங்காமல் சுற்றி முடித்தவர்கள் மூவர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் முதலிடம். 2023 ஏப்ரல் 29 அன்று கரை சேர்ந்த அபிலாஷ் இரண்டாமிடம்.