உதறிய மண்ணும் ஊர் திரும்பிய ஓவியங்களும்

1907-இல் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரை விட்டுக் கிளம்பிய தாமஸ் குடும்பம் வாஷிங்டனை நெருங்கியது. ஷூவைக் கழற்றி ஜார்ஜியா மண்ணை உதறிவிடும்படி பெற்றோர் மகள்களிடம் சொன்னார்களாம். மூத்தவள் ஆல்மாவுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது. கறுப்பினத்தவரை நூலகத்துக்குள் விடாத ஊர் கொலம்பஸ். அவர்கள் பிள்ளைகள் மேலே படிக்க உயர்நிலைப் பள்ளியும் கிடையாது.

1924-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் நுண்கலைப் பட்டதாரி ஆனார் ஆல்மா தாமஸ். உடனே ஷா பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை. பிள்ளைகளுக்குப் படம் வரையவும் பொம்மலாட்டம் நடத்தவும் கற்றுக்கொடுத்தே 35 வருடம் ஓடியது. சம்பளம் கைக்கு வந்தது, நேரம்தான் வரவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக உட்கார்ந்தார். பூச்சாடியும் பழமுமாக இருந்த படங்கள் அங்கேதான் மெல்ல அரூபத்துக்கு நகர்ந்தன.

1960-இல் ஓய்வு. தனி ஸ்டூடியோ இல்லை; 15-ஆம் தெருவில் இருந்த சின்ன வீட்டின் கூடமும் சமையலறையுமே பட்டறை. மூட்டுவாதம் வேறு. 1966-இல் ஹோவர்டில் கண்காட்சி என்றதும், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய நினைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஹாலி மரம். இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வெளிச்சம். அதுவே வழி காட்டியது. பென்சிலில் கோடு இழுத்து, அதன்மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்கள். தீற்றலுக்கும் தீற்றலுக்கும் இடையே வெள்ளை எட்டிப் பார்க்கும். அருகே போனால் சில இடங்களில் அந்தப் பென்சில் கோடுகூடத் தெரியும்.

1972-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அங்கே அந்த இடத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். வயது 80. ஆறு வருடத்தில் காலமானார்.

இன்று? 1966-இல் அவர் வரைந்த ‘ரெசரெக்‌ஷன்’, வெள்ளை மாளிகையின் நிரந்தரத் தொகுப்பில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் ஓவியரின் படைப்பு; 2015-இல் அங்கே உணவுக்கூடச் சுவரில் ஏறியது. இன்னொரு படம் 2019 ஏலத்தில் 20 இலட்சம் டாலரைத் தாண்டியது.

2022-இல் அவருடைய ஓவியங்கள் கொலம்பஸ் அருங்காட்சியகத்துக்கும் வந்தன. அந்தக் கண்காட்சியை உருவாக்கியதில் அந்த ஊருக்கே பங்கு உண்டு. உள்ளே போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.