மாரிக் கடலும் கரையேறிய படகும்

ஒக்டோபர் நடுப்பகுதியில் தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்து வடகீழ் வாடை எழும்பத் தொடங்கியதும் திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் ஒரு சீசன் முடிகிறது. ஏப்ரல் தொடக்கம் புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றவை, விடியற்புறத்தில் திமிங்கிலம் பார்க்க ஆழ்கடலுக்குப் போய்வந்தவை எனப் பைபர் படகுகள் ஒவ்வொன்றாக மணலுக்கு ஏறுகின்றன. அடுத்த ஐந்தாறு மாதங்களுக்கு அவற்றால் வருமானம் இல்லை. வருமானம் இல்லாத படகுக்குச் செலவும் வேண்டாம், கவனிப்பும் வேண்டாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சீசன் திரும்பும்போது எஞ்சின் பிடிக்காமல், அடித்தளத்தில் கீறலோடு, பழுதுபார்ப்பவரின் வாசலில் வரிசையில் நிற்பவை பெரும்பாலும் அந்தப் படகுகள்தாம்.

ஒரு படகின் ஆயுளை அது ஓடும் மாதங்களை விட ஓடாத மாதங்களே கூடுதலாகத் தீர்மானிக்கின்றன. திருகோணமலையில் உல்லாசப் படகு வைத்திருப்பவர் எவரும் முதலில் மனதில் பதிக்க வேண்டிய உண்மை இது.

ஒரு தீவு, இரண்டு கடல்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவக் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். கிழக்குக் கரைக்கு இந்த ஐந்து மாதங்களும் மாரிதான். ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்தக் காலத்தில் கொட்டித் தீர்க்கிறது. வாடையில் எழும் அலை நேரே கரையை வந்து அடிக்கிறது.

அதே மாதங்களில் தெற்கே மிரிஸ்ஸவில் நிலைமை நேர்மாறு. அங்கே நவம்பரில் தொடங்கும் திமிங்கில சீசன் ஏப்ரல் வரை நீள்கிறது. இங்கே கடல் மூடும்போது அங்கே திறக்கிறது. சிலாபம், நீர்கொழும்புப் பக்க மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கை அறிந்து, தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்து, மாரி தொடங்கும்போது ஊர் திரும்புகிறார்கள். சுற்றுலாப் படகு வைத்திருக்கும் நம்மவருக்கு அந்த வசதி இல்லை. வீடும் கரையும் வாடிக்கையாளரும் இங்கேதான். ஆகவே படகும் மாரியை இங்கேயே கழிக்க வேண்டும்.

மாரி என்றால் வெறும் மழை மட்டுமா? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் இலங்கையின் வடகிழக்கைத் தாக்கிவிட்டே சென்றது. 2000 டிசம்பர் 26இல் ஒரு புயல் திருகோணமலையருகே கரை கடந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே நுழைந்தது. நவம்பரும் டிசம்பரும் வங்கக்கடல் புயல்களின் மாதங்கள். கரையேற்றிய படகும் புயலுக்குத் தப்பும்படி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

பேரரசுகளை அலைக்கழித்த கேள்வி

மாரியில் கப்பலை எங்கே வைப்பது என்ற கேள்வி திருகோணமலையின் வரலாற்றையே எழுதியிருக்கிறது. சென்னை உட்படச் சோழமண்டலக் கரையில் வாடைக்காலத்துக்குப் பாதுகாப்பான துறைமுகம் அன்று இருக்கவில்லை. ஒக்டோபர் பிறந்தால் ஆங்கிலேயக் கடற்படை பம்பாய்க்கு ஓட வேண்டியிருந்தது. வங்கக்கடலின் மேற்கு ஓரத்தில் எந்தக் காற்றுக்கும் ஒதுங்கக்கூடிய பெருந்துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான். அதனால்தான் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காக மோதினார்கள்.

1782 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பறித்துக்கொண்டார். செப்ரெம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் பெரும் போர் நடந்தது. ஒக்டோபர் நடுவில் வாடை எழும்பியது. துறைமுகத்தை இழந்த ஹியூஸின் கப்பல்கள் சென்னைக் கரையில் புயலில் அடிபட்டுப் பம்பாய் போய்ச் சேர்ந்தன. துறைமுகத்தைக் கையில் வைத்திருந்த சுஃப்ரனும் மாரியை இங்கே கழிக்கவில்லை. கப்பல்களைச் செப்பனிடவும் ஆட்களைப் பேணவும் இங்கே வசதி போதாது என்று கருதி, சுமாத்திராவின் அச்சே துறைக்குப் போனார். ஒதுங்க இடம் இருந்தால் மட்டும் போதாது, செப்பனிட வசதியும் வேண்டும் என்பதை அந்த மாரி அன்றே காட்டிவிட்டது.

அந்தப் போரின் நினைவாகப் பெயரிடப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் 'திருகோணமலை' 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இருநூறு ஆண்டு தாண்டியும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கின் உறுதி பாதிக் காரணம். பராமரிப்பு மீதிக் காரணம்.

முதல் எதிரி மழைநீர்

கனடாவிலும் நோர்வேயிலும் படகு வைத்திருக்கும் நம் உறவினர்கள் குளிர்காலத்துக்கு முன் எஞ்சினிலுள்ள தண்ணீரை முழுவதும் வடித்து, உறையாத் திரவம் ஊற்றி, படகைப் பிளாஸ்ரிக் உறையால் சுற்றி மூடுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து இரும்பையும் வெடிக்க வைக்கும் என்பதே காரணம். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அந்த நாடுகளுக்கானவை. நமக்கு உறைபனி இல்லை. மழை, உப்பு, புழுக்கம் என்ற மூன்றையும்தான் நாம் சமாளிக்க வேண்டும்.

மழையின் பாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 18 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட திறந்த படகின் மேற்பரப்பு, அணியம் ஒடுங்குவதைக் கழித்தால், சுமார் 6 சதுர மீற்றர் வரும். 100 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 100 லீற்றர். அந்தப் படகுக்குள் 600 லீற்றர், அதாவது 600 கிலோ தண்ணீர். மாரியில் ஒரே நாளில் இந்த அளவு மழை பெய்வது நமக்குப் புதிதல்ல. மிதக்கவிட்ட படகானால் மூழ்கக்கூடும். மணலில் வைத்த படகானால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே அடித்தளம் தொய்ந்து கீறும். கீறல் வழியே ஊறும் ஈரம் கண்ணாடி இழைக்குள் புகுந்து, மாதக்கணக்கில் உள்ளேயே தங்கி, பிறகு கொப்புளமாக வெளிவரும்.

இதைத் தடுக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. படகின் பின்புறத்திலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். அணியம் ஒரு முழமாவது உயர்ந்திருக்கும்படி கட்டை வையுங்கள். விழும் மழை விழுந்தபடியே பின்னால் ஓடிவிடும். கழற்றிய அடைப்பானைச் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தால் ஏப்ரலில் அதைப் பூட்டாமல் கடலில் இறக்கும் விபத்தும் நேராது.

கட்டைகளை நடுவில் ஒன்றாகவோ இரண்டாகவோ வைத்தால் போதாது. படகின் எடை முழு நீளத்துக்கும் பரவ வேண்டும். தறப்பாளை உடலோடு இறுக்கிக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். நடுவே நீளக் கம்பொன்றைக் கொடுத்துக் கூரைபோல உயர்த்தி, இரு முனையிலும் காற்றுப் போக வழிவிட வேண்டும். நம் முன்னோர் வள்ளங்களுக்குக் கிடுகு வேய்ந்து நிழல் கொடுத்தது இதே அறிவில்தான். கிடுகு மழையை வழிந்தோட விடும். காற்றையும் உள்ளே விடும்.

புயல் எச்சரிக்கை வரும்வரை காத்திருந்து கயிறு தேடக்கூடாது. அலை ஏறக்கூடிய எல்லைக்கு அப்பால், தென்னை மரத்தடியைத் தவிர்த்து, நிலத்தில் ஆழப் புதைத்த நங்கூரத்திலோ கொங்கிறீற் தூணிலோ அணியத்தையும் பின்புறத்தையும் தனித்தனியே கட்டுவது ஒக்டோபரிலேயே முடிய வேண்டிய வேலை.

எஞ்சினுக்குத் தேவைப்படும் ஒரு முழு நாள்

படகின் விலையில் பெரும்பகுதி அதன் பின்னால் தொங்கும் எஞ்சினில் இருக்கிறது. சீசன் முடிந்த கையோடு அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கினால் போதும்.

ஒரு பெரிய பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கீழ்ப்பகுதி அமிழும்படி நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிய தண்ணீர்த் தாரை சீராகப் பாய்கிறதா என்று பாருங்கள். தாரை மெலிந்தால் உப்புப் படிந்து வழி அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்கள் தேய்ந்திருக்கின்றன. அந்த ரப்பரை மாற்றும் செலவு சிறிது. மாற்றாமல் விட்டு நடுக்கடலில் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொண்டால் ஏற்படும் செலவு பெரிது.

பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டால் காபரேற்றர் வெறுமையாகும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினானால் கடைசியாகப் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெய் உள்ளேயே தங்கினால் பிசினாகப் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டி வையுங்கள்.

அடுத்தது கியர் ஒயில். கீழ்த் திருகாணியைக் கழற்றி, பிறகு மேல் திருகாணியையும் கழற்றினால் ஒயில் வடியும். அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுத்திருந்தால் பழையது, அவ்வளவுதான். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது. சுழல்தண்டின் சீல் போய்விட்டது. இதை ஒக்டோபரில் கண்டுபிடித்தால் ஒரு சீலோடு முடியும். பார்க்காமல் விட்டால் மாரி முழுதும் உப்புநீர் உள்ளே கிடந்து பெயரிங்கையும் பற்சக்கரத்தையும் தின்றுவிடும். புதிய ஒயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வெளிவரும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு நிற்கும்.

எஞ்சினில் பூட்டியிருக்கும் நாகத் துண்டையும் பாருங்கள். உப்புநீரில் அலுமினியத்துக்கு முன் தான் கரைந்து அதைக் காப்பதே அதன் வேலை. பாதி கரைந்தவுடன் மாற்ற வேண்டும். அழகுக்கென்று அதன்மேல் பெயின்ற் அடிப்பவர்கள் எஞ்சினுக்குக் கேடு செய்கிறார்கள்.

எஞ்சினை நிமிர்த்தியே வைக்க வேண்டும். பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் மரப்பலகையில் வைத்து மாதமொரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும்; சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் அது மீளாது. உயிர்காப்பு அங்கிகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி, எலி அண்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். கழிவு ஒயிலை மணலில் ஊற்றுவது பாவம். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில், 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட, பவளப்பாறைகள் சூழ்ந்த புறாத்தீவு இருக்கிறது. நம் படகுகளுக்குச் சோறு போடுவது அந்தப் பவளம்தான்.

மாதக் கணக்கு

ஒக்டோபரில் கரையேற்றம், கழுவல், எஞ்சின் வேலை. நவம்பர் முதல் ஜனவரி வரை வாரமொரு முறை தறப்பாளையும் கட்டையும் கயிறும் பார்ப்பது. கொட்டிலுக்குள் இருக்கை, நங்கூரக் கயிறு, வயர் வேலைகளை முடிப்பது. பெப்ரவரியில் மழை குறைந்து வெயில் ஏறும்போது தறப்பாளை நீக்கிப் படகை உலரவிடுவது. பைபர் ஒட்டும் பெயின்ற் அடிக்கும் வேலைகள் நன்றாக உலர்ந்த பிறகு, மார்ச்சில். ஈரத்தின்மேல் ஒட்டிய பைபர் ஒரு சீசனும் தாங்காது. டிசம்பரில் நேரம் கிடைக்கிறதே என்று அவசரப்படுபவர்கள் ஏப்ரலில் அதே வேலையைத் திரும்பச் செய்கிறார்கள்.

கேட்க வேண்டியது

இவ்வளவும் படகுக்காரரின் பொறுப்பு. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. சுமார் 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்புள்ள உட்துறைமுகம் இந்த ஊரின் நடுவே கிடக்கிறது. கடற்படைக்கும் வணிகக் கப்பல்களுக்கும் அதில் இடமுண்டு. கொட்பே மீன்பிடித் துறைமுகம் பலநாள் படகுகளைத் தாங்குகிறது. பயணிகளை ஏற்றும் சிறு படகுகளோ வாடைக்கு நேர் எதிரே, திறந்த மணலில் மாரியைக் கழிக்கின்றன.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. மக்களை ஏற்றி நீரில் இறங்கும் எந்தக் கலமும் பரிசோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனைக்கு மாரியை விட நல்ல காலம் கிடையாது. எல்லாப் படகும் கரையில், எல்லா எஞ்சினும் கழற்றிய நிலையில், எல்லா உரிமையாளரும் ஊரில் இருக்கும் காலம் அது.

உட்துறைமுகத்தின் ஒதுக்கான ஒரு மூலையில் சாய்தளம், ஒரு வின்ச், கூரையிட்ட கொட்டில், நல்ல தண்ணீர்க் குழாய், கழிவு ஒயில் சேகரிக்கும் தொட்டி. இவ்வளவு போதும். நியாயமான கட்டணம் அறவிடலாம். பெப்ரவரி இறுதியில் அங்கேயே ஒவ்வொரு படகையும் பார்த்து அடுத்த சீசனுக்கான சான்றிதழ் கொடுக்கலாம். கொட்டிலோடு சேர்ந்து ஊர் இளைஞர்கள் எஞ்சின் வேலையும் பைபர் வேலையும் பழகும் பட்டறை ஒன்றும் வளரும். வருமானம் அற்ற மாதங்களில் சிலருக்காவது சம்பளம் கிடைக்கும். மாவட்டச் செயலகமும் துறைமுக அதிகாரசபையும் சுற்றுலாத் துறையும் ஒரு மேசையில் அமர்ந்தால் அடுத்த மாரிக்கு முன்பே இதைத் தொடங்கலாம். படகுச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கட்டும். அதுவரை ஒவ்வொரு படகுக்காரரும் தன் வடிகால் அடைப்பானைக் கழற்றி, தன் கியர் ஒயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும்.